கோத்தகிரி மேப் கூட்டம்: நாள்வாரிக் குறிப்புகள்

வியாழன்

நீலகிரி எக்ஸ்பிரஸ் மேட்டுப்பாளையத்தில் வந்து நின்றதும் பெட்டியில் இருந்தவர்களில் பாதிப் பேர் ஊட்டி மலை ரயிலைப் பிடிக்க ஓடினார்கள். எனக்கு அந்த ஓட்டம் இல்லை. 1899இல் குன்னூர் வரைக்கும் 1908இல் ஊட்டி வரைக்கும் ஏறிய தண்டவாளம் கோத்தகிரிப் பக்கம் திரும்பவே இல்லை. நிதானமாக ஒரு டீ குடித்துவிட்டு பஸ் ஸ்டாண்டுக்குப் போய் ஜன்னலோரம் இடம் பிடித்தேன். 33 கிலோமீட்டர் தூரம். பாக்குத் தோப்பு முடிந்து மூங்கில் காடு தொடங்குவது வரை தூக்கம், அதற்கப்புறம் எங்கே தூங்குவது, கொண்டை ஊசி வளைவுகள் ஆளைத் தூக்கித் தூக்கிப் போடுகின்றன.

குஞ்சப்பனை சோதனைச் சாவடியில் கார்களை வரிசையாக நிறுத்தி இ-பாஸ் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் நடப்பில் இருக்கிற ஏற்பாடு. பஸ்ஸில் வருகிறவர்களுக்கு அந்தத் தொல்லை கிடையாது. ஆனால் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலோடு மலையேற முடியாது. என் பக்கத்து சீட்டுக்காரர் பாதி பாட்டிலை மடமடவென்று குடித்துத் தீர்த்துக் கீழே கொடுத்துவிட்டு வந்தார்.

எதற்காக இந்தப் பயணம் என்று சொல்லிவிடுகிறேன். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் வேலை செய்கிற தன்னார்வலர்கள் நான்கு நாள் கூடிப் பேசுகிறார்கள். 2004இல் ஸ்டீவ் கோஸ்ட் என்பவர் இங்கிலாந்தில் தொடங்கிய வரைபடம் அது. யார் வேண்டுமானாலும் வரையலாம், திருத்தலாம். எங்கிருந்து எடுத்தோம் என்று சொல்லிவிட்டு யார் வேண்டுமானாலும் பயன்படுத்தலாம். எனக்கு இந்தக் கிறுக்கு பிடித்தது 2015 டிசம்பரில். சென்னை வெள்ளத்தில் எந்தத் தெருவில் தண்ணீர் நிற்கிறது என்று மக்களே இந்த வரைபடத்தின் மேல் குறித்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் தெருவைக் குறிக்கப் போனேன், தெருவே அங்கே இல்லை. வரைந்துவிட்டுத்தான் குறித்தேன்.

கோத்தகிரியைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. தென்மேற்குப் பருவமழையை தொட்டபெட்டா மறித்துக்கொள்வதால் மலையின் இந்தக் கிழக்குப் பக்கத்துக்கு வடகிழக்கு மழைதான் பெரிய மழை. மண் சரிகிற மாதங்களும் அவையே. 1993 நவம்பரில் மரப்பாலத்தில் சாலையோடு பஸ்களையும் அடித்துக்கொண்டு போனது. 2009 நவம்பரில் மாவட்டம் முழுக்க நூற்றுக்கணக்கான இடங்களில் சரிந்து 40 பேருக்கு மேல் இறந்தார்கள். புரட்டாசியிலேயே கூடிவிட்டால் ஐப்பசிக்கு முன்னால் கொஞ்சம் வேலையை முடிக்கலாம் என்பது ஏற்பாட்டாளர்களின் கணக்கு. புரட்டாசி என்பதால் சாப்பாடும் முழு சைவம், அதில் சிலருக்கு வருத்தம்.

மதியத்துக்கு மேல் வேலை ஒன்றும் இல்லை. கன்னேரிமுக்கில் இருக்கும் ஜான் சல்லிவன் பங்களாவுக்கு நாலைந்து பேராகப் போனோம். கோயம்புத்தூர் கலெக்டராக இருந்த சல்லிவன் 1819இல் மலையேறி வந்து கட்டிய வீடு, இப்போது அருங்காட்சியகம். அவருக்கு ஏழு வருடம் முன்னாலேயே, 1812இல், வில்லியம் கீஸ் என்ற சர்வேயர் இந்த மலையை அளக்க வந்துபோனார். இன்னும் பத்து வருடம் பின்னால் போனால் எங்கள் பரங்கிமலை வந்துவிடும்: லாம்டன் என்ற சர்வேயர் 1802இல் அங்கே அளந்து போட்ட அடிக்கோட்டிலிருந்துதான் இந்தியா முழுவதையும் முக்கோணம் முக்கோணமாக அளந்தார்கள். வரிக்கும் படைக்கும் அளந்த அளவை அது. அதற்கப்புறம் வெகுகாலம் வரைபடம் என்றாலே அரசாங்கச் சொத்து, அனுமதி கேள், காத்திரு. 2021 பிப்ரவரியில்தான் மத்திய அரசு அந்த விதிகளைப் பெரிய அளவில் தளர்த்தியது.

திரும்பும்போது மூடுபனி இறங்கிவிட்டது. தங்குமிடத்தில் கம்பளி கொடுத்தார்கள், அதற்குமேல் இன்னொன்றும் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

வெள்ளி

கூட்டம் ஒரு பள்ளி மண்டபத்தில். எண்பது பேர் இருக்கலாம். சென்னை, கோவை, புதுச்சேரி, பெங்களூரு. வயநாட்டிலிருந்து ஒரு குழு. இலங்கை பதுளையிலிருந்து ஒரு தம்பி. இவர்களோடு கோத்தகிரிக் கல்லூரி மாணவிகள், கிராமச் சுகாதார செவிலியர் இருவர், தேயிலைத் தோட்டங்களிலிருந்து வந்த சிலர். வழக்கமாக இந்த மாதிரிக் கூட்டங்களில் கம்ப்யூட்டர்காரர்களே கம்ப்யூட்டர்காரர்களுக்குப் பேசிக்கொள்வார்கள். செவிலியர்களை முன் வரிசையில் உட்காரவைத்தது நல்ல வேலை. பேச்சாளர்கள் வாயில் தானாகவே தமிழ் வந்தது.

காலையில் பழைய கதையிலிருந்து தொடங்கினார்கள். 2010 ஜனவரி 12 ஹைட்டி நிலநடுக்கம். தலைநகர் போர்ட்-ஓ-பிரான்ஸுக்கு உருப்படியான திறந்த வரைபடம் இல்லை. செயற்கைக்கோள் படங்களை நிறுவனங்கள் திறந்துவிட, உலகம் முழுக்க நூற்றுக்கணக்கானவர்கள் வீட்டில் உட்கார்ந்து தெருத் தெருவாக வரைந்தார்கள். மீட்புக் குழுக்கள் அதை ஜிபிஎஸ் கருவியில் ஏற்றிக்கொண்டு போயின. ஹாட் என்கிற மனிதநேய ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் குழு அந்த ஆண்டுதான் அமைப்பாகப் பதிவானது. அப்புறம் நேபாளம், 2015 ஏப்ரல் 25. அங்கே கதை கொஞ்சம் வேறு. காத்மாண்டு லிவிங் லேப்ஸ் என்ற உள்ளூர்க் குழு நிலநடுக்கத்துக்கு முன்பிருந்தே பள்ளிகளையும் மருத்துவமனைகளையும் வரைபடத்தில் ஏற்றிவந்தது. அதனால் வெளியிலிருந்து ஆயிரக்கணக்கானவர்கள் உதவிக்கு வந்தபோது எதை முதலில் வரைய வேண்டும் என்று சொல்ல அங்கேயே ஆள் இருந்தது.

இவையெல்லாம் நான் ஏற்கெனவே கேட்டவை. பதுளைத் தம்பி பேசியதுதான் மண்டபத்தை நிமிர வைத்தது. 2014 அக்டோபர் 29 காலை, கொஸ்லந்தைப் பக்கம் மீரியபெத்த தோட்டத்தில் மலை சரிந்து, தொழிலாளர் குடும்பங்கள் குடியிருக்கும் லயன் வீடுகளை, நம் பக்கம் லைன் என்பவற்றை, வரிசையோடு மூடியது. அன்றைக்கு எத்தனை பேரைக் காணவில்லை என்று கேட்டால் ஆளுக்கொரு எண் சொன்னார்கள். முதலில் நூற்றுக்கணக்கில், பிறகு படிப்படியாகக் குறைந்தது. “வரைபடத்தில லயத்துக்கு ஒரு நீளக் கட்டம், அவ்வளவுதான். அதுக்குள்ள பத்துக் குடும்பமா இருபது குடும்பமா எண்டு படத்தைப் பார்த்துச் சொல்ல ஏலாது. கதவைத் தட்டினவனுக்குத்தான் தெரியும்” என்றார். அதற்குமேல் படமோ புள்ளிவிவரமோ காட்டாமல் உட்கார்ந்துவிட்டார்.

அடுத்து எழுந்தவர்கள் வயநாட்டுக்காரர்கள். 2024 ஜூலை 30, புஞ்சிரிமட்டம், முண்டக்கை, சூரல்மலை. விடிவதற்குள் ஊர் இல்லை. உடல்கள் சாலியாற்றில் நிலம்பூர் வரை போயின. பாலம் அடித்துக்கொண்டு போனதால் அக்கரைக்குப் போகவே வழியில்லை. ராணுவம் இரும்புப் பாலம் போட்ட பிறகே கனரக இயந்திரங்கள் தாராளமாக உள்ளே போக முடிந்தது. அங்கேயும் தோட்டத் தொழிலாளர்கள், அங்கேயும் வரிசை வீடுகள், அவற்றைப் பாடி என்கிறார்கள். எந்தப் பாடியில் அன்றைக்கு யார் இருந்தார்கள் என்று தோட்டத்துக்காரர்களும் ஆஷா பணியாளர்களும் ரேஷன் கடைக்காரர்களும் உட்கார்ந்து பெயர் பெயராகச் சொல்லிச் சேர்க்க வேண்டியிருந்தது.

மதியச் சாப்பாட்டுக்கு ராகிக் களியும் அவரைக் குழம்பும். படுகர் வீட்டு முறையில் செய்தது என்றார்கள். களியை மெல்லாமல் விழுங்க வேண்டும் என்று பக்கத்தில் இருந்த அம்மா சொல்லிக் கொடுத்தார். எனக்குப் பாதிதான் விழுங்க வந்தது.

பிற்பகலில் செயற்கைக்கோள் படங்களைப் பற்றி ஒரு பேச்சு. தலைப்பைப் பார்த்துப் பாதிப் பேர் டீக்கடைக்கு நழுவினார்கள், ஆனால் நாளின் உருப்படியான ஒரு மணி நேரம் அதுதான். செயற்கைக்கோள் நேர் மேலிருந்து மட்டும் படம் எடுப்பதில்லை, பெரும்பாலும் சாய்வாகப் பார்க்கிறது. சாய்வைச் சரிசெய்ய நிலத்தின் ஏற்ற இறக்கம் தெரிய வேண்டும். அந்த உயரக் கணக்கு சொரசொரப்பாக இருந்தால் சமவெளியில் பெரிதாக ஒன்றும் ஆகாது, மலையில் எல்லாம் நகர்ந்துவிடும். அதிலும் ஒரே அளவாக நகராது. மேட்டில் ஒரு பக்கம் தள்ளியிருக்கும், பள்ளத்தில் வேறு பக்கம். சமவெளியில் செய்வதைப் போல மொத்தப் படத்தையும் ஒரு இழுப்பு இழுத்துச் சரிசெய்ய முடியாது. கால்நடையாக எடுத்த ஜிபிஎஸ் தடங்களை மேலே போட்டு, இடத்துக்கு இடம் பார்த்துத்தான் சரிக்கட்ட வேண்டும். ஆழமான பள்ளத்தில் ஜிபிஎஸ்ஸும் தடுமாறும்; சிக்னல் பாறையில் பட்டுத் திரும்பி வரும். ஆகவே ஒரே பாதையைப் பலர் நடந்து எடுத்த தடங்கள் வேண்டும்.

கடைசியாக, வீடுகளைத் தானாகவே கண்டுபிடித்து வரையும் செயற்கை நுண்ணறிவு. மைக்ரோசாஃப்ட்டும் கூகுளும் கோடிக்கணக்கான கட்டட உருவரைகளைத் திறந்து கொடுத்திருக்கின்றன. கூட்டத்தில் ஒருவர் இந்தப் பகுதியையே திரையில் போட்டுக் காட்டினார். வேகம் வேகம்தான், மறுக்கவில்லை. ஆனால் லைன் வீடு வந்ததும் ஒரு வரிசை முழுக்க ஒற்றைச் செவ்வகம். பதுளைத் தம்பி என்னைத் திரும்பிப் பார்த்தார்.

சனி

இன்றைக்குக் களப்பணி. எங்கள் குழுவுக்கு ஒதுக்கியது அரவேணுவுக்குக் கீழே ஒரு தோட்டத்து லைன்கள். தோட்டத்தின் பெயரை எழுதப் போவதில்லை, காரணம் நாளைக்குச் சொல்கிறேன். குழுவில் நான், பதுளைத் தம்பி, அந்த லைனிலேயே பிறந்து வளர்ந்து கல்லூரியில் படிக்கும் மாணவி ஒருவர், ஒரு செவிலியர் அக்கா. மாணவிதான் தலைவி என்று காலையிலேயே முடிவாகிவிட்டது.

கையில் ஃபீல்ட் பேப்பர்ஸ் தாள்கள். வரைபடத்தை அச்சடித்து எடுத்துப் போய், அதன் மேலேயே பென்சிலில் எழுதி, திரும்ப ஸ்கேன் செய்தால் மூலையில் இருக்கும் க்யூஆர் குறியை வைத்து அது சரியான இடத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். பேனா வேண்டாம், தூறலில் மை ஊறிவிடும் என்று அனுபவஸ்தர்கள் சொன்னார்கள். போனிலும் செயலி இருந்தது, குளிரில் விரல் விறைத்ததும் எல்லாரும் பென்சிலுக்கு மாறிவிட்டோம்.

ரோட்டில் ஜீப் நின்ற இடத்திலிருந்து முதல் லைனுக்கு 137 படி. மூன்று பேர் தனித்தனியாக எண்ணி, இரண்டு பேர் கணக்கு ஒத்துப்போனதை எழுதினோம். செயற்கைக்கோள் படத்தில் இந்தப் படி தெரியவே தெரியாது. மேலே சில்வர் ஓக் மரங்கள், இரண்டு பக்கமும் தேயிலைச் செடி. கருங்கல் பதித்த படி, மழையில் பாசி பிடித்து வழுக்கும். பாதி வழியில் ஒரு திருப்பம். செவிலியர் அக்கா அங்கே நின்று இரண்டு கைகளையும் அகல விரித்துக் காட்டினார். “ஸ்ட்ரெச்சர் இந்த மூலையில் திரும்பாது. நாற்காலியில் உட்கார வெச்சு ரெண்டு பேர் முன்னாடி, ரெண்டு பேர் பின்னாடி. அப்படித்தான் பிரசவத்துக்குக் கொண்டு வருவோம். ராத்திரின்னா ஒரு ஆள் டார்ச்சுக்கு.” படி எத்தனை, அகலம் எவ்வளவு, கைப்பிடிக் கம்பி உண்டா, வழுக்குமா, எல்லாவற்றையும் பதிவு செய்ய ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் இடம் இருக்கிறது. குறிச்சொற்கள் என்போம்: ஹைவே=ஸ்டெப்ஸ், ஸ்டெப்_கவுன்ட், விட்த், ஹேண்ட்ரெயில். நகரத்துப் பாலங்களுக்கு நிரப்பும்போது இதெல்லாம் எதற்கு என்று சலித்துக்கொண்டிருக்கிறேன்.

சனிக்கிழமையும் கொழுந்து பறிப்பு உண்டு. இப்போது விரலால் கிள்ளுவது குறைவு. பை மாட்டிய கத்தரியால் சரக் சரக்கென்று வெட்டிக்கொண்டு போகிறார்கள். எடை போடும் கொட்டகைக்குப் பக்கத்தில் ஓய்வுக்கு உட்கார்ந்திருந்த ஒரு பாட்டியிடம் மாணவி எங்களை அழைத்துப் போனார்.

பாட்டி முதலில் கேட்டது என்னை அல்ல, தம்பியை. “பேச்சு நம்ம பேச்சா இருக்கே. எந்தப் பக்கம்யா?”

“பதுளை, பாட்டி.”

“பதுளையில எந்தத் தோட்டம்?”

அவர் சொன்னதும் பாட்டி எழுந்து நின்றுவிட்டார். பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவராம். 1964 சாஸ்திரி–சிறிமாவோ ஒப்பந்தத்துக்குப் பின்னால் இந்தியாவுக்கு அனுப்பப்பட்ட லட்சக்கணக்கானவர்களில் அவர் குடும்பமும் ஒன்று. சின்னப் பெண்ணாகத் தலைமன்னாரில் கப்பல் ஏறி, மண்டபம் முகாமில் கொஞ்ச நாள் இருந்து, அங்கிருந்து நேராக இந்த மலை. இப்படி வந்தவர்களுக்கு வேலை கொடுக்கத்தான் 1968இல் அரசு தேயிலைத் தோட்டங்கள் நீலகிரியில் தொடங்கின, டான்டீ என்று பிறகு பெயர் பெற்றவை. பாட்டி குடும்பத்துக்கு வாய்த்தது தனியார் தோட்டம். அடுத்த கால் மணி நேரம் மேப் வேலை நடக்கவில்லை. கோயில் இன்னும் இருக்கிறதா, ஆற்றுப் பாலம் கட்டினார்களா, ஸ்டோர் எந்தப் பக்கம் என்று இவர் கேட்க, தம்பி தரையில் குச்சியால் கோடு போட்டுக் காட்டிக்கொண்டிருந்தார். பாட்டி இரண்டு இடத்தில் திருத்தினார்.

அதற்கப்புறம் எங்கள் தாளை வாங்கிப் பார்த்தார். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியும், வரைபடம் பார்த்துப் பழக்கமில்லை என்றார். மாணவி தாளைத் திருப்பி மேட்டுப் பக்கம் மேலே வரும்படி பிடித்ததும் பிடிபட்டுவிட்டது. வடக்கு எப்போதும் மேலே இருக்க வேண்டும் என்று மலையில் யார் சொன்னார்கள்? விரலால் தொட்டுத் தொட்டுச் சொல்லத் தொடங்கினார். இந்தக் குறுக்கில் பகலில் போகலாம், இருட்டினால் காட்டு மாடு நிற்கும், சுற்றிப் போக வேண்டும். இந்த லைனில் எட்டு வீடு, ஆனால் இரண்டு பூட்டிக் கிடக்கிறது, பிள்ளைகள் திருப்பூரில். இந்தக் கடைசி வீட்டில் படுத்த படுக்கையாக ஒருவர். லைனுக்குப் பின்னால் ஓடுகிற கானில், அதாவது மழைநீர் வாய்க்காலில், போன மழையில் மண் அடைத்தது, பாதிதான் அள்ளியிருக்கிறார்கள்.

அந்தக் கானைப் போய்ப் பார்த்தோம். மண்சரிவுக்கு மலை முழுக்க ஆட வேண்டியதில்லை. சார்னோகைட் என்கிற கடும்பாறையின் மேல் மக்கி உளுத்த செம்மண் ஆழமாகப் படிந்திருக்கிறது. நாள்கணக்கில் பெய்து அது தண்ணீர் குடித்துவிட்டால் கனம் தாங்காது. தண்ணீர் போகிற வழியும் அடைத்து, வீட்டுக்காக மேட்டைச் செங்குத்தாக வெட்டியும் வைத்திருந்தால் சரிவதற்கு வேறு காரணம் தேட வேண்டாம். கான் எங்கே தொடங்கி எங்கே அடைபட்டிருக்கிறது என்பதைக் கோடாகப் போட்டு, அடைப்பில் ஒரு குறிப்பும் எழுதினோம்.

இரண்டாவது லைனுக்குக் கீழே ஒரு பாறை. கோயில் திருவிழாவுக்குக் கொடி கட்டுகிற பாறை என்று நினைத்தேன். மாணவி சிரித்தார். அங்கே ஏறி நின்றால்தான் போன் எடுக்கும். ஆம்புலன்ஸைக் கூப்பிடுவதென்றால் வீட்டிலிருந்து இங்கே ஓடிவர வேண்டும். இதற்கு என்ன குறிச்சொல் கொடுப்பது என்று நாங்கள் நால்வரும் மழையில் நின்று விவாதித்தோம். பொருத்தமாக ஒன்றும் சிக்கவில்லை. பாறை என்று போட்டு, விளக்கத்தில் எழுதிவைத்தோம்.

கிளம்பும்போது பாட்டி என்னைத் தனியாகக் கூப்பிட்டார். லைனுக்கு மேலே சோலைக்குள் போகிற ஒற்றையடிப் பாதையை நான் தாளில் வரைந்திருந்ததைப் பார்த்துவிட்டார் போல.

“இதைப் போட்டா செல்போன்ல எல்லாருக்கும் தெரியுமா தம்பி?”

“தெரியும் பாட்டி.”

“அப்ப டூரிஸ்ட்காரங்களும் வருவாங்கல்ல? அது எங்க தண்ணி வர்ற இடம். படிக்கட்டைப் போட்டுக்கோ. அது வேண்டாம்.”

அங்கேயே ரப்பரால் அழித்தேன்.

ஞாயிறு

காலை முழுக்கத் தரவேற்றம். மண்டபத்தில் லேப்டாப்பும் எக்ஸ்டென்ஷன் பாக்ஸுமாகக் கால் வைக்க இடமில்லை. வேலை ஒதுக்கும் தளம் பகுதியைக் கட்டம் கட்டமாகப் பிரித்து வைத்திருக்கிறது; ஒருவர் ஒரு கட்டத்தை எடுத்தால் மற்றவருக்கு அது பூட்டிக்கொள்ளும், முடித்ததும் வேறொருவர் சரிபார்ப்பார். வரைபடம் திருத்த உதவும் ஜோசம் மென்பொருளில் டெரேசர் என்று ஒரு சொருகி (கூடுதல் கருவி) இருக்கிறது. நீளக் கட்டடத்தைக் காட்டி எட்டு என்று சொன்னால் எட்டு வீடாக வெட்டிக் கொடுக்கும். ஐரோப்பிய ஊர்களின் வரிசை வீடுகளை மனத்தில் வைத்து எழுதியது, நம் லைனுக்கு அப்படியே பொருந்துகிறது. பதுளைத் தம்பி இதைக் கற்றுக்கொண்டதும் சாப்பிடக்கூட எழுந்திருக்கவில்லை. ஒற்றைச் செவ்வகங்களைத் தேடித் தேடி வெட்டிக்கொண்டிருந்தார்.

வீட்டுக்காரர் பெயர் எதையும் ஏற்றவில்லை. படுத்த படுக்கையாக இருப்பவரின் வீட்டுக்கும் தனி அடையாளம் இல்லை. அது செவிலியர் அக்காவின் நோட்டில் இருக்கிறது, அங்கேயே இருக்கட்டும்.

பிற்பகல் விவாதத்துக்கு என்று ஒதுக்கிய ஒரு மணி நேரம் மூன்று மணி நேரமாக நீண்டது. பாட்டி கேட்ட கேள்வியை நான் எடுத்துச் சொன்னேன். பெங்களூருவிலிருந்து வந்த நண்பர் ஒருவர், தரையில் இருக்கிற பாதையை வரைவதுதான் நம் வேலை, இதை மறை அதை மறை என்று தொடங்கினால் எங்கே போய் நிற்கும் என்று கேட்டார். அவர் கேட்டதிலும் நியாயம் இருக்கிறது. பாதையை மறைக்கச் சொல்கிறவர் எப்போதும் பாட்டியாகவே இருக்க மாட்டார், பொது வழியை வேலி போட்டுக்கொண்ட பங்களாக்காரரும் அதே வரியைச் சொல்வார். பாதையைப் போட்டு ‘தனியார், அனுமதி இல்லை’ என்று குறிச்சொல் சேர்த்தால் போதுமே என்றார் இன்னொருவர். குறிச்சொல்லை எல்லாச் செயலிகளும் மதித்துக் காட்டுவதில்லை. திரையில் ஒரு கோடு தெரிந்தால் பையை மாட்டிக்கொண்டு கிளம்புகிறவர்கள் இருக்கிறார்கள். 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத்தீயில் மலையேற்றம் போனவர்கள் 20க்கும் மேல் இறந்ததை யாரோ நினைவுபடுத்தினார்கள். அதற்குப் பின்னால்தான் மலையேற்ற விதிகளே இங்கே இறுகின.

அப்போது கீழ்க்கோத்தகிரிப் பக்கத்திலிருந்து வந்திருந்த ஒரு இருளர் இளைஞர் எழுந்தார். அதுவரை வாயே திறக்காதவர். 2006 வன உரிமைச் சட்டத்தின்படி சமூக உரிமை கேட்பதற்காக அவர் ஊரில் பெரியவர்களோடு எல்லை நடந்து ஜிபிஎஸ் எடுத்திருக்கிறார்கள். ஓடை, தேன் எடுக்கும் பாறை, சுடுகாடு, சாமி இருக்கிற இடம் எல்லாம் அதில் உண்டு. “அந்த மேப் கிராம சபையில இருக்கு. அதிகாரிங்க வந்தா எடுத்துக் காட்டுவோம். இன்டர்நெட்டுல போட மாட்டோம். அங்கன்வாடி, ரேஷன் கடை, எங்க ஊருக்கு வர்ற வழி, இதையெல்லாம் நீங்க போடணும், தப்பில்லாம போடணும். ரெண்டும் மேப்புதான்” என்றார்.

எனக்கு இதற்குமேல் விவாதிக்க ஒன்றும் இருப்பதாகத் தோன்றவில்லை, ஆனால் விவாதம் நடந்தது. பெங்களூரு நண்பர் விடவில்லை: கிராம சபையில் கேட்டு வரைவது கேட்க நன்றாக இருக்கிறது, அவசரத்துக்கு யாரைக் கேட்பது? மழைக்கு முன்னால் கேட்க வேண்டியதுதான் என்றார் செவிலியர் அக்கா. கடைசியில் சோலைப் பாதைகளைப் பற்றி ஊர்க்காரர்களைக் கேட்காமல் வரைவதில்லை என்று கோத்தகிரிப் பகுதிக்கு மட்டும் ஒரு ஏற்பாடாக எழுதிக்கொண்டார்கள். எழுதியதில் எல்லாருக்கும் சம்மதம் என்று சொல்ல முடியாது. பெங்களூரு நண்பர் என்னோடு டீ குடிக்க வந்தார், தேநீரோடு வர்க்கியைத் தோய்த்துத் தோய்த்துத் தின்றபடி மறுபடியும் முதலிலிருந்து தொடங்கினார்.

இரவு ஆளுக்கு ஐந்து நிமிடப் பேச்சுகள். பொதுக் கழிப்பறைகளை மட்டுமே வரைந்துவரும் ஒரு திருச்சிக்காரர் கைதட்டலை அள்ளிக்கொண்டு போனார்.

திங்கள்

காலை பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது போனில் ஒரு செய்தி. எங்கள் கட்டத்தை இரவோடு இரவாக யாரோ சரிபார்த்திருக்கிறார். கணக்கைத் திறந்து பார்த்தால் ஆள் ஏதோ ஒரு ஐரோப்பிய ஊரில் இருக்கிறார். பொறுப்பான ஆள், ஒவ்வொன்றையும் உட்கார்ந்து பார்த்திருக்கிறார். இரண்டு கேள்விகள். ஒன்று, 137 படி என்பது உண்மையா அல்லது விரல் தவறி விழுந்த எண்ணா? இரண்டு, கடைசி லைனுக்கு மேலே நடைபாதை தேயிலைக்கு நடுவில் அந்தரத்தில் முடிகிறதே, செயற்கைக்கோள் படத்தில் அதற்கப்பாலும் மங்கலாக ஒரு தடம் தெரிகிறது, நானே இணைத்துவிடட்டுமா?

முதல் கேள்விக்கு, எண்ணி ஏறியது என்று பதில் போட்டேன். இரண்டாவதற்கு இணைக்க வேண்டாம், அங்கே குடியிருப்பவர்கள் கேட்டுக்கொண்டது, நேற்று கூட்டத்திலும் அப்படித்தான் முடிவாயிற்று என்று விவரமாக எழுதினேன். பஸ் குஞ்சப்பனை இறங்குவதற்குள் பதில் வந்துவிட்டது. சரி என்றார். ஆனால் வெறும் சரியோடு விடவில்லை. அடுத்து வருகிற யாராவது இதே தடத்தைப் பார்த்து நல்லெண்ணத்தில் இணைத்துவிடுவார்கள், ஆகவே பாதையின் முனையில் காரணத்தை ஒரு குறிப்பாக எழுதி வையுங்கள், தமிழிலும் எழுதுங்கள் என்றார். மாணவிக்கு அதை அனுப்பி, என்ன எழுதலாம் என்று கேட்டிருக்கிறேன். பாட்டியைக் கேட்டுவிட்டுச் சொல்கிறேன் அண்ணா என்று பதில் வந்தது.